சிறுதொழில் நிறுவனங்களுக்கான மேகச் சேவையக வழங்குநர் தேர்வு: மீட்பையும் வெளியேற்றத்தையும் முன்னிறுத்திய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணக்கியல், சரக்கிருப்பு, விற்பனைச் சீட்டு முதலான செயலிகளைச் சொந்தக் கணினியில் இயக்கிவந்த சிறுதொழில் நிறுவனங்கள் அவற்றை மேகச் சேவையகங்களுக்கு மாற்றிவருகின்றன. வழங்குநரைத் தெரிவு செய்கையில் மாதக் கட்டணமே பெரும்பாலும் முதல் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. தரவை இழந்தபின் மீட்கும் வழியும், வழங்குநரை விட்டு விலகும் வழியும் கட்டணத்திற்கு முன்பாக ஆராயப்பட வேண்டியவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. 2013 முதல் 2024 வரை நிகழ்ந்த நான்கு நிகழ்வுகளும், இந்தியச் சட்ட நெறிகளும், வெளியிடப்பட்ட கட்டண முறைகளும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

குறிச்சொற்கள்: மேகக் கணிமை, சேவையகம், காப்புப்பிரதி, சேவைத்தர உடன்படிக்கை, தரவுப் பாதுகாப்பு, சிறுதொழில்.

1. முன்னுரை

அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இணையவழிச் சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாடகைக்குக் கணினித்திறன் வழங்கும் சேவையையும் தொடங்கியது. அதன்பின் சேவையகத்தை விலைக்கு வாங்காமலேயே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பரவியது. அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை, மேகக் கணிமைக்கு ஐந்து பண்புகளைச் சுட்டுகின்றது. வேண்டும்போது தானே பெறுதல், வலையமைப்பு வழியே அணுகுதல், வளங்களைப் பலருக்குப் பொதுவாக வைத்தல், விரைந்து கூட்டவும் குறைக்கவும் இயலுதல், பயன்பாட்டை அளந்து கட்டணம் பெறுதல் என்பன அவை.

இப்பண்புகள் சிறுதொழிலுக்கு ஏற்றவை என்பதில் ஐயமில்லை. முதலீடு குறைகின்றது, மின்தடை, வன்தட்டுப் பழுது ஆகியவை குறித்த கவலை தணிகின்றது. எனினும் பெருநிறுவனங்களில் உள்ளதுபோல் தனித் தகவல்தொழில்நுட்பப் பிரிவு சிறுநிறுவனத்தில் இருப்பதில்லை. கணக்கேடும் வாடிக்கையாளர் நிலுவையும் ஒரே தரவுத்தளத்தில் அடங்கியிருக்கின்றன. அது அழிந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கே சான்று இல்லாமல் போகும். ஆகவே வழங்குநர் தேர்வு என்பது தொழிலின் நிலைபேற்றைச் சார்ந்த முடிவாகின்றது.

இக்கட்டுரையில் விளக்கத்தின் பொருட்டு ஒரு மாதிரி நிறுவனம் கற்பித்துக்கொள்ளப்படுகின்றது. இருபது பேர் பணியாற்றும் மொத்த விற்பனை நிறுவனம் அது. திறந்த மூல வணிகச் செயலியான இஆர்பிநெக்ஸ்ட்டை அது பயன்படுத்துகின்றது. தரவுத்தளமும் இணைப்புக் கோப்புகளும் சேர்ந்து 80 ஜிகாபைட் எனக் கொள்ளலாம்.

2. பொறுப்புப் பகிர்வு

மேகச் சேவைகள் மூன்று வகைப்படும். வெறும் மெய்நிகர் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது முதல் வகை. இயக்குதளம், தரவுத்தளம் ஆகியவற்றின் பராமரிப்பையும் வழங்குநரிடம் ஒப்படைப்பது இரண்டாம் வகை. முழுச் செயலியையே சந்தா முறையில் பெறுவது மூன்றாம் வகை.

முதல் வகையில் கட்டடம், மின்சாரம், வன்பொருள், மெய்நிகராக்க அடுக்கு ஆகியவை மட்டுமே வழங்குநரின் பொறுப்பு. லினக்ஸ் இயக்குதளத்தைப் புதுப்பித்தல், கடவுச்சொல் காத்தல், தீச்சுவர் அமைத்தல், காப்புப்பிரதி எடுத்தல் ஆகிய அனைத்தும் வாடிக்கையாளரைச் சேர்ந்தவை. முன்னணி வழங்குநர்கள் இதனைப் பகிரப்பட்ட பொறுப்பு என ஆவணப்படுத்தியுள்ளனர். மேகத்தில் வைத்த தரவு தானாகவே பாதுகாக்கப்படும் என்னும் எண்ணம் இவ்விடத்தில்தான் பிழையாகின்றது. சேவையகப் பராமரிப்பு அறிந்தவர் எவரும் இல்லாத நிறுவனம், கட்டணம் கூடினும் இரண்டாம் அல்லது மூன்றாம் வகையை நாடுவதே தகும்.

3. இழப்பு நேரும் வழிகள்

கடந்த காலத்தில் நேர்ந்த பேரிழப்புகளை நோக்கின், மூலத்தரவும் அதன் காப்புப்பிரதியும் ஏதேனும் ஒன்றைப் பொதுவாகக் கொண்டிருந்தமையே அவற்றின் காரணமாக அமைந்தமை தெரியவரும். அப்பொதுமை மூவகைப்படும்.

3.1 ஒரே கணக்கு

மென்பொருள் மூலநிரல்களைச் சேமித்துத்தரும் சேவையை நடத்திய கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் 2014 சூன் மாதத்தில் ஒருவர் ஊடுருவிப் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கட்டுப்பாட்டை மீட்க முயன்றபோது, இயந்திரங்களையும் சேமிப்புகளையும் காப்புப்பிரதிகளையும் அவர் அழித்தார். காப்புப்பிரதிகள் அதே கணக்கின் வழியாக எட்டக்கூடியனவாக இருந்தன. நிறுவனம் தன் தொழிலையே நிறுத்த நேர்ந்தது. இதில் வழங்குநரின் வன்பொருள் எதுவும் பழுதடையவில்லை என்பது கருதத்தக்கது.

3.2 ஒரே இடம்

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையத்தில் 2021 மார்ச்சு 10 அன்று தீப்பற்றியது. ஒரு கட்டடம் முற்றாக எரிந்தது. அருகிலிருந்த மற்றொன்று பகுதியளவு சேதமுற்றது. காப்புப்பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். வேறு நகரில் பிரதி வைத்திருந்தோர் மீண்டனர்.

3.3 ஒரே நிறுவனம்

மேகச் சேமிப்பு வழங்கிய நிர்வானிக்ஸ் நிறுவனம் 2013 செப்டம்பரில் தன் சேவையை மூடப்போவதாகத் தெரிவித்தது. தரவை அகற்றிக்கொள்ள வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த கால அளவு ஏறத்தாழ இரண்டு வாரங்கள். அடுத்த மாதமே அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது.

வழங்குநர் பெரியவராயின் இவ்விடர் இல்லை எனக் கருதுவதும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் தளம் 2024 மே மாதத்தில் வழங்குநர் தரப்பு அமைப்புப் பிழையினால் அழிக்கப்பட்டது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட நிதியம் அது. இரு வேறு இடங்களில் இருந்த நகல்களும் ஒருங்கே நீங்கின. மற்றொரு சேவை வழங்குநரிடமும் காப்புப்பிரதிகளை அந்நிதியம் வைத்திருந்தமை, தரவிழப்பைக் குறைத்து மீட்பை விரைவுபடுத்தியது.

இந்நான்கு நிகழ்வுகளிலிருந்தும் ஒரு நெறி பெறப்படுகின்றது. ஒரு காப்புப்பிரதியேனும் மூலத்தரவினின்று கணக்காலும், இடத்தாலும், நிறுவனத்தாலும் வேறுபட்டிருத்தல் வேண்டும். மாதிரி நிறுவனத்திற்கு இது பெருஞ்செலவன்று. 80 ஜிகாபைட் தரவை மறையாக்கம் செய்து, ஒவ்வோர் இரவும் வேறொரு வழங்குநரின் சேமிப்பிற்கு அனுப்பினால் போதும். அச்சேமிப்பின் கடவுச்சொல் முதன்மைச் சேவையகத்தில் இருத்தலாகாது. குறிப்பிட்ட நாள்கள்வரை எவராலும் அழிக்க இயலாதவாறு பூட்டும் வசதியும் அதில் இருப்பது நன்று.

4. சேவைத்தர உடன்படிக்கை

வழங்குநர்கள் விளம்பரப்படுத்தும் விழுக்காடுகளை நேரமாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். முப்பது நாள் கொண்ட மாதத்தில் 99.99 விழுக்காடு என்பது நான்கு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட தடையை அனுமதிக்கின்றது, 99.9 விழுக்காடு 43 நிமிடத்தை அனுமதிக்கின்றது, 99.5 விழுக்காடு மூன்று மணி 36 நிமிடத்தை அனுமதிக்கின்றது. அமேசானின் கணினித்திறன் சேவையில் 99.99 விழுக்காடு என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட வலயங்களில் இயந்திரங்களைப் பரப்பி வைத்திருப்போருக்கான உறுதி. தனியோர் இயந்திரத்திற்கான உறுதி 99.5 விழுக்காடே. சிறுநிறுவனங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் தனி இயந்திரம்.

இழப்பீட்டின் தன்மையும் நோக்கத்தக்கது. அந்த இயந்திரம் ஒரு முழுநாள் இயங்காவிடில் மாதக் கிடைப்பு 96.67 விழுக்காடாகும். அதற்குரிய கழிவு 30 விழுக்காடு. மாதக் கட்டணம் 3,000 ரூபாய் எனில் கிடைப்பது 900 ரூபாய். அதுவும் வாடிக்கையாளர் உரிய முறையில் கோரினால், பிற்காலக் கட்டணத்தில் வரவு வைக்கப்படும். ஒருநாள் விற்பனை நின்றதற்கோ, தரவு அழிந்ததற்கோ அது ஈடாகாது. உடன்படிக்கை இயக்கத் தடையைப் பற்றியே பேசுகின்றது. தரவின் மீட்பைப் பற்றிப் பேசுவதில்லை.

எனவே நிறுவனம் தனக்குத்தானே இரு வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழந்தால் தாங்க இயலும் என்பது முதல் வினா. எவ்வளவு நேரத்திற்குள் செயலி மீண்டும் இயங்க வேண்டும் என்பது இரண்டாவது. மாதிரி நிறுவனத்தின் 80 ஜிகாபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இறக்குவதற்கே ஏறத்தாழ ஒரு மணி 47 நிமிடம் ஆகும். புதிய இயந்திரத்தை அமைக்கும் நேரம் இதற்கு மேலானது. அரைநாளில் மீள வேண்டும் என்னும் நிறுவனம் இக்கணக்கை முன்னரே செய்துவைத்தல் வேண்டும்.

5. வெளியேறும் வழி

வழங்குநரை மாற்றுவதைத் தடுப்பது தரவை வெளியே எடுக்கும் கட்டணமே எனப் பலர் கருதுவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வழங்குநர் மாற்றத்திற்கான கட்டணங்கள் 2027 சனவரி 12 முதல் முற்றாக நீக்கப்பட வேண்டும் என அது விதிக்கின்றது. கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் ஆகியவை 2024ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே, தங்களை விட்டு விலகுவோருக்கு இக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன.

சிறுநிறுவனத்தைப் பொறுத்தவரை இக்கட்டணம் முதன்மைத் தடையன்று. அமேசான் மாதந்தோறும் முதல் 100 ஜிகாபைட் வெளியேறு தரவுக்குக் கட்டணம் பெறுவதில்லை. மாதிரி நிறுவனத்தின் தரவு முழுவதும் அவ்வரம்புக்குள் அடங்கும். உண்மையான தடை, ஒரே வழங்குநரிடம் மட்டும் கிடைக்கும் தனியுரிமைத் தரவுத்தளங்களையும் கருவிகளையும் செயலிக்குள் பிணைத்துக்கொள்வதில் உள்ளது. மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற திறந்த மூலத் தரவுத்தளங்களின்மீது அமைந்த செயலியை எந்த வழங்குநரின் லினக்ஸ் இயந்திரத்திலும் நிறுவலாம். பராமரிப்பை ஒப்படைக்கும் வகையைத் தெரிவு செய்யினும், தரவைப் பொதுவடிவில் இறக்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் உளதா எனக் காணல் வேண்டும்.

இணையப் பெயரின் பதிவுரிமையும் இதனோடு இணைந்தது. அப்பெயரை நிறுவனத்தின் பெயரிலேயே, சேவையக வழங்குநரல்லாத பதிவாளரிடம் வைத்திருப்பின், ஒரு வழங்குநர் முடங்கும்போது முகவரியை வேறிடத்திற்குத் திருப்ப இயலும்.

6. இடமும் சட்டமும்

ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பைக்குச் சென்று திரும்பக் குறைந்தது 10 மில்லி நொடியும், அமெரிக்கக் கிழக்குக் கரைக்குச் சென்று திரும்ப 130 மில்லி நொடிக்கு மேலும் தேவை. நடைமுறையில் இவை இன்னும் கூடும். ஒரு திரைக்குப் பலமுறை வினவும் கணக்கியல் செயலியில் இவ்வேறுபாடு பணியாளருக்கு நன்கு தெரியும். அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், மைக்ரோசாப்டுக்குப் புனே, சென்னை, மும்பை ஆகியவற்றிலும், கூகுளுக்கு மும்பையிலும் தில்லியிலும், டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரிலும் மண்டலங்கள் உள்ளன.

சட்டமும் இடத்தை வரையறுக்கின்றது. நிறுமக் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மின்னணு முறையில் பேணப்படும் கணக்கேடுகளின் காப்புப்பிரதி நாள்தோறும் இந்தியாவிலுள்ள சேவையகத்தில் வைக்கப்பட வேண்டும். நிறுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு இது பொருந்தும். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, வரையறுக்கப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும், கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் காக்கவும் பணிக்கின்றது. மலிவான திட்டங்களில் இப்பதிவேடுகளைச் சேர்த்துவைக்க இடமுள்ளதா என வினவுதல் தேவை.

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இன்னும் அடிப்படையானது. வாடிக்கையாளரின் தரவை நிறுவனத்தின் சார்பில் வேறொருவர் கையாண்டாலும், பொறுப்பு நிறுவனத்தையே சாரும் என்பது அச்சட்டத்தின் நிலைப்பாடு. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறின் தண்டம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

7. திறனும் கட்டணமும்

இவற்றின் பின்னரே கட்டணத்தை ஒப்பிடல் முறையாகும். ஒரே அளவு நினைவகமும் செயலியும் கொண்டனவாகத் தோன்றும் திட்டங்கள் உண்மையில் வேறுபடும். அமேசானின் டி3 மீடியம் இயந்திரத்தில் இரு மெய்நிகர் செயலிகளும் 4 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. ஆயினும் ஒவ்வொரு செயலியின் 20 விழுக்காட்டுத் திறனே அடிப்படை அளவு. அதற்கு மேற்பட்ட பயன்பாடு சேமித்த வரவிலிருந்து கழிக்கப்படும். வரவு தீர்ந்தபின் கூடுதல் கட்டணம் விழும். நாள்முழுதும் சிறிதளவும் மாதக் கடைசியில் மிகுதியாகவும் உழைக்கும் கணக்கியல் செயலிக்கு இம்முறை ஏற்றது. இடைவிடாது உழைக்கும் செயலிக்கு ஏற்றதன்று.

மறைந்துள்ள கட்டணங்களும் உள. அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் பெறுகின்றது. முப்பது நாளுக்கு இது 3.60 டாலர். மும்பை மண்டலத்தில் இலவச அளவைக் கடந்த வெளியேறு தரவு ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ 11 சென்ட். பொருள்களின் படங்களை வாடிக்கையாளருக்குக் காட்டி மாதம் ஒரு டெராபைட் அனுப்பும் நிறுவனத்திற்கு, இதுமட்டுமே 100 டாலரை எட்டும். டிஜிட்டல் ஓஷன் முதலான வழங்குநர்கள் அத்தகைய அளவைச் சிறிய திட்டங்களின் நிலைக் கட்டணத்திலேயே அடக்குகின்றனர். பயன்பாட்டை முன்கூட்டி அளக்க இயலாத நிறுவனத்திற்கு நிலைக் கட்டணமே பாதுகாப்பானது. விலைகள் மாறுந்தன்மையன ஆதலின், ஒப்பந்த நாளின் பட்டியலையே கொள்ளல் வேண்டும்.

8. தேர்வு முறை

மேற்கண்டவற்றால் பின்வரும் வரிசை பெறப்படுகின்றது.

அ. இழப்பைத் தாங்கும் அளவையும் மீட்பு நேரத்தையும் எழுத்தில் வரையறுத்தல்.
ஆ. சட்டத்திற்கும் வேகத்திற்கும் ஏற்ற இடத்தில் மண்டலம் உள்ள வழங்குநர்களை மட்டும் பட்டியலிடுதல்.
இ. கணக்கு, இடம், நிறுவனம் ஆகிய மூன்றாலும் வேறுபட்ட இரண்டாம் வழங்குநரைக் காப்புப்பிரதிக்கெனக் குறித்தல்.
ஈ. இருவரின் கட்டணத்தையும் கூட்டி ஒப்பிடுதல்.
உ. ஒரு மாதம் சோதனையாக இயக்கி, காப்புப்பிரதியிலிருந்து முழுச் செயலியையும் வேறு இயந்திரத்தில் எழுப்பிப் பார்த்தல்.

இவற்றுள் இறுதிப்படி பெரும்பாலும் விடுபடுவது. மீட்டுப் பார்க்கப்படாத காப்புப்பிரதி பயன்படும் என்பதற்கு உறுதி இல்லை. ஆண்டுக்கு இருமுறையேனும் இச்சோதனை நிகழ்தல் நலம்.

முடிவுரை

வழங்குநரின் பெருமையோ மாதக் கட்டணத்தின் சிறுமையோ தரவின் நிலைபேற்றுக்கு உறுதியாவதில்லை என்பது ஆராயப்பட்ட நிகழ்வுகளால் புலனாகின்றது. ஊடுருவல், தீ, தொழில்முடக்கம், அமைப்புப் பிழை ஆகிய நான்கிலும், வேறிடத்தில் வேறு கையில் இருந்த பிரதியே மீட்புக்கு வழியாக அமைந்தது. அது இல்லாதோர் இழந்தனர். சேவைத்தர உடன்படிக்கை தரும் கழிவு இழந்த தரவை மீட்டுத் தராது. சட்டப் பொறுப்பும் நிறுவனத்தின்மீதே நிற்கின்றது. ஆகவே சிறுதொழில் நிறுவனம் முதன்மை வழங்குநரையும் காப்புப்பிரதி வழங்குநரையும் ஒரே முடிவின் இரு பகுதிகளாகக் கருதித் தெரிவு செய்தல் வேண்டும். அவ்விருவருக்குமான மொத்தக் கட்டணமே மேகச் சேவையகத்தின் உண்மை விலையாகும்.