இரண்டு இருக்கை, திறந்த கூரை: ஒரு பழைய ஆசையின் கணக்கு

அல்சூரில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர் கடந்த ஆகஸ்டு மாதம் கிளைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். பொதுத்துறை ஆலையொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகளுக்குத் திருமணம் முடிந்துவிட்டது. வீட்டுக் கடனும் தீர்ந்துவிட்டது. பணிக்கொடையில் ஒரு பகுதியை நிரந்தர வைப்பில் போட்டிருக்கிறார். "கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுகிற இரண்டு இருக்கை கார் ஒன்று வாங்க வேண்டும். வங்கி கடன் கொடுக்குமா, சார்?" என்பதுதான் கேள்வி.

கவுண்டரில் இருந்தவர்கள் புன்னகைத்தார்கள். அவர் புன்னகைக்கவில்லை. இளமையில் கமர்ஷியல் தெருவில் அப்படியொரு கார் போவதைப் பார்த்த நாளிலிருந்து இருந்த ஆசை என்றார். ஆசைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று நாமும் அவருடன் உட்கார்ந்தோம். அன்று தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. இதே ஆசை வேறு சிலருக்கும் இருக்கக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் புதிய கார். உலகில் இவ்வகைக் கார்களில் நடுத்தர வருவாயினர் வாங்கத்தக்கது என்று பெயர் பெற்றது ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989இல் அறிமுகமாகி, 2016க்குள் பத்து இலட்சம் கார்கள் தயாரிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. இங்கே விற்பனைக்கு வந்த இரண்டு இருக்கைக் கார்களோ வேறு உயரத்தில் இருக்கின்றன. பி.எம்.டபிள்யூ. இசட்4 2019இல் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை 64.90 இலட்சம் ரூபாய். 2025 ஜூலையில் வந்த எம்.ஜி. சைபர்ஸ்டர் என்னும் மின்சாரக் காரின் அறிமுக விலை 74.99 இலட்சம். இவை ஷோரூம் விலைகள் மட்டுமே.

கர்நாடகத்தில் கார் வாங்குவோர் ஷோரூம் விலையைப் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு வாழ்நாள் வரி 18 விழுக்காடு. அந்த வரியின் மீது மேல்வரியும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 20 விழுக்காடு. 75 இலட்சம் ரூபாய்க் காருக்கு 15 இலட்சம் வரியாகவே போய்விடும். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல குடும்பக் காரே கிடைக்கும். மின்சாரக் கார்களுக்கு முன்பு வரிவிலக்கு இருந்தது. 2024 முதல் 25 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 10 விழுக்காடு வந்துவிட்டது. இவற்றுடன், 10 இலட்சத்துக்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் விற்பவர் 1 விழுக்காடு வரி வசூலிப்பார். இது மட்டும் வருமான வரிக் கணக்கில் நமக்கே வரவு வைக்கப்படும். பலர் அதைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய எம்.எக்ஸ்-5 ஒன்றைக் கொண்டுவந்தால் என்ன என்றும் அவர் கேட்டார். பழைய காரை இறக்குமதி செய்ய அது மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும். வரிகளோ காரின் விலையையே மிஞ்சும். அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

இன்னொரு வழியையும் மூடவேண்டியிருந்தது. பழைய செடான் ஒன்றின் கூரையை அறுத்துத் திறந்த காராக்கித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் எந்த ஊரிலும் உண்டு. தயாரிப்பாளரின் வடிவமைப்பை அப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தை விடுங்கள்: சாதாரணக் காரின் உறுதியில் பெரும் பங்கு அதன் கூரையில்தான் இருக்கிறது. அதை அறுத்தெடுத்தால் உடல் நெளியும். விபத்தில் காப்பீடும் கைவிடும்.

மிஞ்சியது பழைய கார். பெங்களூரில் இந்தக் கதை சுவையாகிறது. இந்தியாவில், சாதாரண மனிதர் வாங்கத்தக்க இரண்டு இருக்கைத் திறந்த கார் ஒன்றைத் தயாரிக்க முனைந்தவர்கள் இந்த ஊரோடு தொடர்புடையவர்களே. வைட்ஃபீல்டில் ரயில் எஞ்சின்கள் செய்யும் சான் குழுமம், 1990களின் இறுதியில் 'சான் ஸ்டார்ம்' என்னும் காரை உருவாக்கியது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பு, தயாரிப்பு கோவாவில். உடல் முழுதும் ஃபைபர். ரெனோவின் 1149 சி.சி. பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். இன்று ஒரு சிறிய ஹேட்ச்பேக்கே இதைவிடத் திறனுடையது. ஆனால் காரின் எடை மிகக் குறைவு; ஓட்டுபவர் தரையோடு தரையாக உட்காருவார். அறுபது கிலோமீட்டர் வேகமே நூறு போலத் தோன்றும் என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். அதிகம் விற்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 1200 சி.சி.க்கு உட்பட்ட, நான்கு மீட்டருக்குக் குறைவான பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, பெரிய கார்களுக்கு 40. ஸ்டார்ம் இன்று புதிதாக வந்தால் குறைந்த வரிக்குள் அடங்கும். அது வந்த காலம் அதற்குச் சாதகமாக இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

இதைவிடப் பழையதற்குப் போகலாம் என்பாரும் உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு நம் வாசகர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே ஹெரால்டின் சேஸிஸைச் சற்றுக் குறுக்கித்தான் பிரிட்டனில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கைக் காரைச் செய்தார்கள். அப்படிப்பட்ட ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கு 2021 முதல் தனி விதிகள் உள்ளன: 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண், 20,000 ரூபாய்க் கட்டணம், பத்தாண்டுப் பதிவு. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியுடன் நந்தி மலைப் பக்கம் போய்வர விரும்புபவருக்கு இது பொருந்தாது.

செப்டம்பர் இறுதியில் கம்மனஹள்ளியில் ஒரு கொட்டகையில் நிற்கும் பழைய திறந்த கார் ஒன்றைப் பற்றி அவருக்குத் தகவல் வந்தது. இரண்டு இருக்கை, சிவப்பு நிறம், 'கே.ஏ.' எண், இருபது வயதுக்கு மேல். கேட்ட விலை 6 இலட்சம். நாமும் உடன் சென்றோம். ஒரு மூத்த மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டோம். அவருக்குக் கொடுத்த 1,500 ரூபாயே இந்த முயற்சியில் மிகச் சிறந்த செலவு.

மெக்கானிக் எஞ்சினைத் திறக்கவேயில்லை. முதலில் தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தார். "ஈர வாசனை" என்றார். துணிக் கூரையின் ஓரங்களில் மழைநீர் வடியச் சிறு குழாய்கள் இருக்கும். அவற்றில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் நீர் காருக்குள் இறங்கும். கார் நின்ற இடத்திலேயே அழுகும். பெங்களூரில் மே தொடங்கி அக்டோபர் வரை மழை. செப்டம்பரும் அக்டோபரும் உச்சம். கொட்டகையின் தகரத்திலும் ஓட்டை இருந்தது.

அடுத்துக் காரின் அடியில் படுத்தார். ஃபைபர் உடல் துருப்பிடிக்காது என்று விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த உடலைத் தாங்குவது இரும்பு. மேலே பளபளப்பாக இருக்கும்போதே கீழே துரு தின்றுகொண்டிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே போனார். இரண்டு இடங்களில் ஒலி மாறியது. கதவை மூடித் திறந்து, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பார்த்தார். கூரை இல்லாத காரில் கதவு இடுக்கு மாறியிருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கலாம் என்றார். இடுக்கு சரியாக இருந்தது. பின்புறப் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப் பால் நிறமாகியிருந்தது. அது தையல்காரர் வேலை என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில்தான் எஞ்சின். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லை. ஆகவே மாற்றவில்லை என்றே கொள்ளவேண்டும்.

மொத்தப் பழுதுக்கு ஒன்றேகால் இலட்சம் ஆகும், உதிரி பாகங்களுக்கு ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் அலைய ஆறு மாதம் ஆகும் என்றார் மெக்கானிக். விற்பவர் விலையை 5 இலட்சமாக இறக்கினார். நம் வாடிக்கையாளரின் முகம் மலர்ந்தது. அன்றே முன்பணம் கொடுத்துவிடுவார் போலிருந்தது.

பிறகு காகிதங்களைப் பார்த்தோம். கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வங்கியாளர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அன்று நாமும் அந்த ஒழுங்கைத் தவறவிட்டோம். ஆர்.சி.யில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. முதல் உரிமையாளர் வாங்கிய கடன். "அதெல்லாம் எப்போதோ கட்டி முடித்துவிட்டார்கள்" என்றார் விற்பவர். கட்டி முடித்திருக்கலாம். ஆனால் கடன் தீர்ந்ததும் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றையும் 35ஆம் படிவத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். அது நடக்கவில்லை. இருபது ஆண்டுகளாக எவரும் கவனிக்கவில்லை. அந்தப் பெயர் இருக்கும்வரை உரிமை மாற்றம் நடக்காது. அந்த நிதி நிறுவனமோ இப்போது அந்தப் பெயரில் இல்லை, வேறொன்றுடன் இணைந்துவிட்டது.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய காரின் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசித் தவணையைக் கட்டிய மகிழ்ச்சியில் இந்த ஒரு வேலையை மறந்தவர்கள் நம் வாடிக்கையாளர்களிலும் பலர். பழைய கார் வாங்குவோர் எம்-பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினாலே அடமானக் குறிப்பு தெரியும். பெங்களூரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பி எக்ஸ்ட்ராக்ட்' கேட்டுப் பெற்றால் பதிவேட்டில் உள்ள விவரம் எழுத்தில் கிடைக்கும். போக்குவரத்துக் காவல்துறையின் நிலுவை அபராதங்களையும் பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் காருக்குக் கோவா எண் இருந்திருந்தால் வேலை இன்னும் கூடியிருக்கும். பிற மாநில வண்டி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். பழைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். காரின் வயதுக்கேற்பக் குறையும் விழுக்காட்டில் கர்நாடக வரியும் கட்ட வேண்டும். எண் 'கே.ஏ.' என்பது ஆறுதல். ஆனால் இருபது வயதைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாயாகியிருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்தோம்.

காப்பீட்டில் பெரிய செலவில்லை. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் தரப்புப் பிரிமியம் 2022 ஜூன் முதல் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இத்தகைய அபூர்வக் காருக்கு அந்தப் பேச்சை எழுத்தில் முடிப்பது அவசியம். விற்பவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' காருடன் வராது. அது மனிதருக்கு உரியது.

இனி அவர் கேட்ட முதல் கேள்வி. இந்த வயதுடைய காருக்கு வங்கிகள் பழைய கார்க் கடன் தருவதில்லை. கடன் முடியும்போது கார் எத்தனை வயதாக இருக்கலாம் என்று ஒவ்வொரு வங்கியும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. தனிநபர் கடன் எடுக்கலாம். 5 இலட்சத்தை ஆண்டுக்கு 11 விழுக்காட்டில் மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 16,370 ரூபாய். மொத்த வட்டி 89,000க்குச் சற்று மேல். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இது கனம். அவருக்கு நாம் சொன்னது நிரந்தர வைப்பின் மீதான கடன். வைப்பு உடையாது, வட்டி, வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடு மட்டுமே கூடுதல், கையில் பணம் வரும்போது அடைத்துக்கொள்ளலாம். ஆனால் வைப்பில் பாதிக்கு மேல் தொடவேண்டாம் என்றோம். மருத்துவச் செலவுக்கு அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி அதுவரை எதுவும் பேசவில்லை. "ஏங்க, இதுல காய்கறிப் பையை எங்கே வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அந்தக் காரின் பின்புறத்தில் இரண்டு சிறு பைகள் வைக்கலாம். பழைய ஆல்டோவை விற்கக்கூடாது, மழை நாளில் தாம் இதில் ஏறமாட்டார் என்ற இரண்டு நிபந்தனைகளுடன் அவர் சம்மதித்தார்.

முன்பணமாக 10,000 ரூபாய் மட்டும் காசோலையாகக் கொடுக்கப்பட்டது. அடமானக் குறிப்பு 90 நாட்களுக்குள் நீங்காவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்று விற்பவரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம். இணைந்த நிதி நிறுவனத்துக்குக் கடிதம் போயிருக்கிறது; பழைய கணக்கைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இதற்கிடையே அக்டோபர் மழை. நம் வாடிக்கையாளர் சனிக்கிழமைதோறும் கம்மனஹள்ளிக்குப் பேருந்தில் போய், இன்னும் தம்முடையதாகாத காரின் மீது தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறார்.