உடைந்த கட்சிக்கு மூன்றரை மாதத் தவணை

கட்சி இரண்டாக உடைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கருத்துக்கணிப்புகளில் ஆதரவு 3, 4 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அந்த நிலையில் ஏழு மாதம் முன்கூட்டியே பொதுத்தேர்தல் வருகிறது என்றால் அக்கட்சியின் கதி என்னவாகும்? ஜெர்மனியின் இடதுசாரிக் கட்சியான 'டி லிங்க' 2024-ஆம் ஆண்டு இறுதியில் இப்படித்தான் நின்றது. பத்திரிகைகள் அதற்கு இரங்கல் எழுதத் தயாராகிவிட்டன என்றே சொல்லலாம்.

2024 நவம்பர் 6-ஆம் தேதி இரவு, ஜெர்மானியப் பிரதமர் ஒலாஃப் ஷோல்ஸ் தம் நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னரைப் பதவியிலிருந்து நீக்கினார். மூன்று கட்சிக் கூட்டணி அரசு அத்துடன் கவிழ்ந்தது. நம் வட்டாரத்தில் பிரதமர் ஆலோசனை கூறினால் போதும், நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுவிடும். ஜெர்மனியில் அது அவ்வளவு சுலபமல்ல. பிரதமர் தாமே நம்பிக்கை வாக்கெடுப்பைக் கோரி, அதில் தோற்க வேண்டும். டிசம்பர் 16-ஆம் தேதி ஷோல்ஸ் அவ்வாறே கோரினார். 394 பேர் எதிர்த்து வாக்களிக்க, தோற்றார். டிசம்பர் 27-ஆம் தேதி அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். 2025 செப்டம்பர் 28-ஆம் தேதி நடக்க வேண்டிய தேர்தல் பிப்ரவரி 23-ஆம் தேதிக்கு முன்னே வந்தது. இடதுசாரிகளுக்குக் கிடைத்த அவகாசம் மொத்தம் மூன்றரை மாதம்.

இந்தக் கட்சி தோன்றியதே ஓர் இணைப்பில்தான். பழைய கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சியின் வாரிசு ஒரு பக்கம். மேற்கில் சமூக ஜனநாயகக் கட்சியின் போக்குப் பிடிக்காமல் வெளியேறியவர்களும் தொழிற்சங்கவாதிகளும் மறுபக்கம். இருவரும் 2007 ஜூன் மாதம் ஒன்று சேர்ந்தனர். 2009 தேர்தலில் 11.9 விழுக்காடு வாக்குகளும் 76 இடங்களும் கிடைத்தன. 2013-இல் நாட்டின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாகவே ஆனது. பிறகு சரிவுதான். 2021-இல் 4.9 விழுக்காடு.

ஜெர்மனியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சி வாக்கில் 5 விழுக்காடு பெறாத கட்சிக்குப் பட்டியல் இடங்கள் இல்லை. ஆனால் மூன்று தொகுதிகளில் நேரடியாக வென்றுவிட்டால் அந்த வரம்பு பொருந்தாது. பெற்ற வாக்குக்கு ஏற்ற இடங்கள் கிடைத்துவிடும். 2021-இல் பெர்லினில் இரண்டு, லைப்சிக் நகரில் ஒன்று என சரியாக மூன்று தொகுதிகளை வென்றதால்தான் இக்கட்சிக்கு 39 இடங்கள் கிடைத்தன. ஒரு தொகுதி கைநழுவியிருந்தால் தேசிய அரசியலிலிருந்தே ஏறக்குறைய வெளியேறியிருக்கும். 2023-இல் ஷோல்ஸ் அரசு இந்த மூன்று தொகுதி விதியையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. 2024 ஜூலை 30-ஆம் தேதி அரசமைப்பு நீதிமன்றம் தலையிட்டு, புதிய சட்டம் வரும்வரை அந்த விதி நீடிக்கும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வைத்த உயிர் அது.

உடைப்பு எப்படி வந்தது? சாரா வாகன்க்னெக்ட் என்ற பெயரை இங்கே தவிர்க்க முடியாது. தொலைக்காட்சி விவாதங்களில் அவருக்கு நிகராகப் பேச அக்கட்சியில் ஆள் குறைவு. குடியேறிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும், ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளை நீக்க வேண்டும், உக்ரேனுக்கு ஆயுதம் அனுப்பக்கூடாது என்றார் அவர். நகரத்துப் படித்த வர்க்கத்தின் கவலைகளைப் பேசிப் பேசியே கட்சி ஏழைத் தொழிலாளியை மறந்துவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. கட்சித் தலைமையோ அகதிகளை வரவேற்பதையும் பருவநிலைப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்க மறுத்தது. அவருடைய கணவர் ஆஸ்கர் லாஃபொன்டைன் கட்சியைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். அவரே 2022-இல் விலகிவிட்டார்.

2023 அக்டோபர் 23-ஆம் தேதி வாகன்க்னெக்ட் மேலும் ஒன்பது உறுப்பினர்களுடன் வெளியேறுவதாக அறிவித்தார். 38 பேர் இருந்த அணி 28 ஆனது. முழு அணி என்ற தகுதிக்கு அது போதாது. அதே ஆண்டு டிசம்பரில் அணி கலைக்கப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தனர். தலைவர்கள் சண்டையிட்டால் யாருக்கு நஷ்டம் என்பதை நம் ஊர்க் கட்சிகளின் பிளவுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியேறியவர்கள் 2024 ஜனவரியில் வாகன்க்னெக்டின் பெயரையே வைத்துப் புதிய கட்சி தொடங்கினார்கள். முதல் வெற்றிகள் அவர்களுக்கே. ஜூன் மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் புதிய கட்சிக்கு 6.2 விழுக்காடு, தாய்க்கட்சிக்கு 2.7 விழுக்காடு. செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் தாய்க்கட்சி 3 விழுக்காட்டோடு சட்டமன்றத்தைவிட்டே வெளியேறியது. போடோ ராமலோ முதல்வராக இருந்த துரிங்கியா மாநிலத்தில் 2019-இல் 31 விழுக்காடு எடுத்த கட்சி 13.1 விழுக்காட்டுக்கு விழுந்தது. அக்டோபரில் ஹாலே நகர மாநாட்டில் இனெஸ் ஷ்வெர்ட்னர், யான் வான் ஆக்கன் என்ற இருவர் புதிய தலைவர்களானார்கள். மாநாடு முடிந்த சில நாட்களிலேயே, யூத எதிர்ப்பு பற்றிய சர்ச்சையில், பெர்லின் முன்னாள் துணை மேயர் கிளாவுஸ் லேடரர் உள்ளிட்ட முக்கியஸ்தர்கள் விலகினார்கள். அடுத்த இரண்டே வாரத்தில் அரசு கவிழ்ந்தது!

இந்த நிலையில் புதிய தலைமை பிரிந்தவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. எல்லாப் பிரச்சினைகளுக்கும் தீர்மானம் போடவும் இல்லை. ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்தது: வீட்டு வாடகை.

சிங்கப்பூரில் பத்தில் ஒன்பது குடும்பங்கள் சொந்த வீட்டில் வசிப்பவை. மலேசியாவிலும் சொந்த வீட்டுக்காரர்களே பெரும்பான்மை. ஜெர்மனியிலோ பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் காலத்தைக் கழிக்கின்றன. பெர்லின் போன்ற நகரங்களில் வாடகை ஏறும் வேகம் சம்பளத்துக்கு எட்டாத ஒன்று. கட்சித் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். கட்சி தரும் கணக்குப்படி 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள். போனவுடன் பிரசங்கம் செய்யாமல், உங்களுக்கு என்ன பிரச்சினை என்று முதலில் கேட்டார்கள். வீட்டுக்காரர் சட்ட வரம்புக்கு மேல் வாடகை வாங்குகிறாரா, வெப்பமூட்டும் கட்டணம் சரிதானா என்று சரிபார்த்துச் சொல்லும் சேவையையும் கட்சி நடத்தியது. ஓட்டு கேட்பதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்து கொடுத்தார்கள் என்பதுதான் இதிலுள்ள விஷயம்.

ஐந்து விழுக்காடு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கிரெகோர் கீசி, போடோ ராமலோ, டீட்மார் பார்ட்ஷ் ஆகிய மூன்று மூத்தவர்கள் மூன்று தொகுதிகளை நேரடியாகப் பிடிப்பது என்று நவம்பர் மாதம் அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு மூவரின் வயதையும் கூட்டினால் 210! நரைத்த முடியை வைத்தே அந்தத் திட்டத்துக்குப் பெயரும் சூட்டினார்கள். தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்ட அந்தப் பெரியவர்களை இளையோருக்குப் பிடித்துப்போனது.

திருப்புமுனை எதிராளியிடமிருந்து வந்தது. 2025 ஜனவரி 29-ஆம் தேதி, பழமைவாதக் கட்சியின் பிரதமர் வேட்பாளர் பிரெடரிக் மெர்ஸ் குடியேற்றக் கட்டுப்பாடு பற்றிய தீர்மானத்தை தீவிர வலதுசாரிகளின் வாக்குகளோடு நிறைவேற்றினார். 348-க்கு 344. அன்று இடதுசாரி உறுப்பினர் ஹைடி ரைஷினெக் அவையில் கொதித்துப் பேசிய பேச்சு டிக்டாக்கில் பல மில்லியன் பார்வைகளைப் பெற்றது. இரண்டு நாள் கழித்து அதே பொருளில் வந்த மசோதாவுக்கு வாகன்க்னெக்ட் கட்சி ஆதரவு தந்தது, மசோதா தோற்றது. வலதுசாரிகளுக்கு எதிராக யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி எழுந்த வாரத்தில், பிரிந்துபோன தரப்பு மறுகரையில் நின்றது.

பிப்ரவரி 23 இரவு முடிவுகள் வந்தன. டி லிங்க 8.8 விழுக்காடு, 64 இடங்கள். 18 முதல் 24 வயது வாக்காளர்களிடையே அதுவே முதல் இடம். நான்கில் ஒருவர் அதற்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்பு காட்டியது. நேரடியாக வென்ற தொகுதிகள் ஆறு. கீசியும் ராமலோவும் வென்றார்கள், பார்ட்ஷ் தோற்றார். பழைய மேற்கு பெர்லினைச் சேர்ந்த நொய்கெல்ன் தொகுதியையும் கட்சி கைப்பற்றியது. துருக்கிய வம்சாவளியினர் நிறைந்த பகுதி அது. தொண்டர்கள் விடாமல் கதவு தட்டிய இடங்களில் ஒன்று.

வாகன்க்னெக்ட் கட்சிக்குக் கிடைத்தது 4.98 விழுக்காடு. ஐந்தைத் தொட இன்னும் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளே தேவைப்பட்டன. அவைக்குள் ஒருவர்கூட நுழைய முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் தாய்க்கட்சியைவிட இரண்டு மடங்கு வாக்கு வாங்கிய கட்சி அது.

வாக்குகள் சிதறியதால் இடதுசாரிகள் தோற்றார்கள் என்று வழக்கமாகச் சொல்லும் கணக்கு இங்கே பாதிதான் பொருந்துகிறது. இரண்டையும் கூட்டினால் 13.8 விழுக்காடு வருகிறது. ஆனால் இவர்கள் ஒரே கட்சியாக இருந்திருந்தால் அத்தனையும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. குடியேற்றம் பற்றி உள்ளேயே அடித்துக்கொண்ட கட்சிக்கு 2021-இல் கிடைத்தது 4.9 தானே! புதிய கட்சி உறுப்பினர்களைச் சலித்துச் சலித்துச் சேர்த்தது. தேர்தல் சமயத்தில் ஆயிரத்தைச் சற்றே தாண்டிய எண்ணிக்கைதான். முகம் இருந்தது, தெருவில் நடக்கக் கால் இல்லை. அத்தோடு துரிங்கியாவிலும் பிராண்டன்பர்க்கிலும் அவசரமாக ஆட்சிக் கூட்டணியில் சேர்ந்ததால், கோபத்தில் வாக்களித்தவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். தாய்க்கட்சியிலோ 2023 முடிவில் ஐம்பதாயிரத்தை ஒட்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2025-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

பழைய பிணக்குகள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. தேர்தல் முடிந்த ஒரே மாதத்தில், பாதுகாப்புச் செலவுக்காகக் கடன் வரம்பைத் தளர்த்தும் அரசமைப்புத் திருத்தம் வந்தது. நாடாளுமன்றத்தில் கட்சி எதிர்த்தது. மார்ச் 21-ஆம் தேதி மாநிலங்களின் அவையிலோ, அதே கட்சி கூட்டணியில் பங்குபெற்ற பிரேமன், மெக்லென்பர்க் மாநில அரசுகள் ஆதரித்து வாக்களித்தன. கட்சிக்குள் மீண்டும் புகைச்சல். மே மாதம் கெம்னிட்ஸ் மாநாட்டில் யூத எதிர்ப்புக்கு எந்த வரையறையை ஏற்பது என்ற வாக்கெடுப்பில் தலைமையே தோற்றது.

மே 6-ஆம் தேதி இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பிரதமர் தேர்வின் முதல் சுற்றில் மெர்ஸுக்கு 316 வாக்குகள் வேண்டும், விழுந்தவை 310. அன்றே இரண்டாம் சுற்றை நடத்த விதியைத் தளர்த்தியாக வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இடதுசாரிகளோடு எந்த ஒத்துழைப்பும் இல்லை என்று 2018-இல் தீர்மானம் போட்டிருந்த மெர்ஸின் கட்சி, அன்று மதியம் அவர்களிடமே வந்து பேசியது. அவர்களும் கை கொடுத்தார்கள். மாலைக்குள் 325 வாக்குகளோடு மெர்ஸ் பிரதமரானார்.