சுத்தமான கத்தியும் சிவந்த காயமும்

கிருமியே அண்டாதபடி கொதிநீரில் இட்டெடுத்த கத்தி விரலை வெட்டினாலும், அந்த இடம் சிவந்து வீங்குவானேன்? வகுப்பில் ஒரு சிறுவன் இவ்வாறு கேட்டான். கிருமி வந்தால் காவலர் வருவர் என்பது நாம் அறிந்ததே. கிருமி வராதபோது அவர்களை அழைத்தது யார்? கேள்வி சிறிதாயினும் விடை ரஸமானது.

ஒவ்வொரு ஜீவ அணுவிலும் ஏ.டி.பி. என்னும் பொருள் நிறைந்திருக்கிறது. 1929-ல் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் லோமன் இதைக் கண்டறிந்தார். தசை சுருங்குவதற்கும் வேறு பல காரியங்களுக்கும் வேண்டிய சக்தியை அளிப்பது இதுவே. குதிரிலுள்ள நெல்லைப் போல் இது அணுவின் உள்ளேதான் மிகுதியாக இருக்கும். வெளியே மிகச் சொற்பம். தெருவில் நெல் சிந்திக் கிடந்தால், அவ்வீட்டுக் குதிர் உடைந்ததென அயலார் ஊகிக்கமாட்டார்களா? கத்தி பட்டு அணுக்கள் உடைந்ததும் ஏ.டி.பி. வெளியே சிந்துகிறது. அதுவே அழைப்பு!

அழைப்பைக் கேட்போர் வெள்ளை அணுக்கள் முதலிய காவலர். அவற்றின் மேற்புறத்தில் ஏ.டி.பி. வந்து பொருந்துவதற்கென்றே உறுப்புகள் உள்ளன. இவற்றுள் சில, வெளியிலுள்ள கால்ஷியத்தை உள்ளே விடும் வாயில்களாகும். மற்றவை, அணுவினுள்ளே சேமித்து வைத்த கால்ஷியத்தைத் திறந்துவிடச் செய்கின்றன. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலுள்ள அதே கால்ஷியந்தான். ஓய்ந்திருக்கும் அணுவின் திரவத்தில் அது வெளியிலுள்ளதில் ஏறக்குறைய 10,000-ல் ஒரு பங்கே. ஆகவே சிறிதளவு புகுந்தாலும் அணுவுக்கு அது பெரிய செய்தி. சில விநாடிகளில் அளவு உயர்கிறது. காவலர் விழித்து, காயத்தை நோக்கி நகரவும், துணைவரை அழைக்கும் பொருள்களைச் சுரக்கவும் தொடங்குகின்றனர்.

1972-ல் லண்டனில் பிறந்த விஞ்ஞானி ஜெப்ரி பர்ன்ஸ்டாக், ஏ.டி.பி. அணுக்களிடையே தூது செல்லும் பொருளுமாகும் என்று எழுதியபோது பலர் ஏளனம் செய்தனர். உணவுப் பொருள் தூதனாகுமோ என்பது அவர்கள் வாதம். அவர் தளரவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1993-94-ல், அவ்வுறுப்புகளின் ஜீன்களே பிரித்தெடுக்கப்பட்டன. 2005-ல் சுண்டெலியின் மூளையில் நுண்ணிய காயம் உண்டாக்கிப் பார்த்தனர். அங்குள்ள காவல் அணுக்கள் சில நிமிஷங்களில் தம் கரங்களைக் காயத்தை நோக்கி நீட்டின. ஏ.டி.பி.யைச் சிதைக்கும் என்ஸைமை இட்டபோதோ, கரங்கள் நீளவில்லை!

ஆனால் கூக்குரல் ஓயாவிட்டால் காவலராலேயே கேடு விளையும். அழற்சி நீடிக்கும், அளவு மீறிய ஏ.டி.பி. காவல் அணுக்களையே மாய்க்கவும் கூடும். இதற்கும் உடல் வழி செய்திருக்கிறது. சில என்ஸைம்கள் ஏ.டி.பி.யைப் படிப்படியாகக் குறைத்து அடினோஸின் ஆக்குகின்றன. அது காவலரைச் சாந்தப்படுத்தும் பொருள்.

சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “காயம் சிவப்பது கிருமியால் மட்டுமன்று, தம்பி. உடைந்த வீட்டின் நெல்லைக் கண்டு அயலார் ஓடி வந்திருக்கின்றனர்.”