உஷார்! முதல் ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லையா? அன்றைக்கே கலைப்பு மாத்திரை போடாதீர்கள்!

நாள் தள்ளிப்போய், கிட்டில் இரண்டு கோடு பார்த்த சந்தோஷத்தோடு ஸ்கேனுக்குப் போகிறீர்கள். “சாக் மட்டும்தான் தெரியுது, துடிப்பு வரல” என்கிறார்கள். கொஞ்ச நேரத்திலேயே “கரு வளரல, க்ளீன் பண்ணிடலாம்” என்று பேச்சு வருகிறது. உஷார்! நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் கருவே இந்த அவசரத்தில் கலைக்கப்படலாம்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஐந்து வாரம் வாக்கில் சாக் (கரு வளரும் பை) தெரியும். ஐந்தரை வாரத்தில் அதற்குள் யோக் சாக் (கருவுக்கு ஊட்டம் தரும் சிறு பை). ஆறு வாரம் வாக்கில்தான் கருவும் துடிப்பும். இது 28 நாள் சுழற்சி உள்ளவர்களின் கணக்கு. 40 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவருக்குக் கருமுட்டையே சுமார் 12 நாள் தாமதமாக வெளிவரும். தேதிப்படி ‘7 வாரம்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும், கருவின் நிஜ வளர்ச்சி ஐந்து வாரத்தைத்தான் தாண்டியிருக்கும். துடிப்பு எப்படித் தெரியும்?

அப்படியானால் கரு நின்றுவிட்டது என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்? உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) கருவின் நீளம் (சி.ஆர்.எல்.) 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாதபோது. அல்லது சாக்கின் சராசரி விட்டம் 25 மி.மீ. எட்டியும் உள்ளே கரு இல்லாதபோது. முன்பு அமெரிக்காவில் 5 மி.மீ., 16 மி.மீ. என்றே வைத்திருந்தார்கள். ஒரே கருவை இருவர் அளந்தால் அளவு மாறுகிறது, அந்த எல்லையைத் தாண்டிய கருவும் சில சமயம் பிழைத்து வளர்கிறது என்று தெரிந்த பிறகே எல்லையை உயர்த்தினார்கள். பிரிட்டன் தன் எல்லையை 2011-இல் மாற்றியது. அமெரிக்க ரேடியாலஜி நிபுணர்களின் பரிந்துரை 2013-இல் வெளியானது.

ஒரு ரிப்போர்ட்டைப் பார்ப்போம்: ‘சாக் 18 மி.மீ., யோக் சாக் உண்டு, கரு தெரியவில்லை.’ படித்ததும் பதறத் தோன்றும். ஆனால் 18 என்பது 25-க்குக் கீழே. இது ‘இன்னும் முடிவு சொல்ல முடியாது’ என்ற ரிப்போர்ட். ‘கலைந்துவிட்டது’ என்ற ரிப்போர்ட் அல்ல. 11 நாளோ அதற்கு மேலோ கழித்துப் பார்த்தும் துடிப்புள்ள கரு இல்லையென்றால்தான் முடிவு உறுதி. முதல் ஸ்கேனில் யோக் சாக்கும் இல்லாமல் வெறும் சாக் மட்டும் இருந்தால், இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அது உயிருக்கே உலை வைக்கும். டெஸ்ட் பாசிட்டிவ், ஆனால் கர்ப்பப்பைக்குள் ஒன்றுமே தெரியவில்லை என்றால், ‘சின்னக் கருவாக இருக்கும்’ என்று சும்மா இருக்காதீர்கள். கரு சினைக்குழாயில் தங்கியிருக்கலாம். பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்து முடிவெடுக்க முடியாது. 48 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். ஸ்கேனே எடுக்காமல் மெடிக்கல் ஷாப்பில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது மகா ஆபத்து. குழாய்க் கர்ப்பம் அந்த மாத்திரைக்குக் கலையாது. ரத்தப்போக்கு வரும், ‘கலைந்துவிட்டது’ என்று நம்பியிருப்பீர்கள், உள்ளே குழாய் வெடித்துவிடலாம்.

உடனே செய்ய வேண்டியவை:

• ரிப்போர்ட்டை வாங்கி மூன்றைப் பாருங்கள்: உள்வழி ஸ்கேனா வயிற்றின் மேல் எடுத்ததா, சி.ஆர்.எல். எத்தனை, சாக் எத்தனை.

• விலக்கு ஒழுங்காக வராது என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

• எல்லைக்குக் கீழே இருந்தால் “மறு ஸ்கேன் எப்போது?” என்று கேட்டுத் தேதி வாங்குங்கள். சந்தேகமிருந்தால் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

• அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், ஒரு மணி நேரத்தில் இரண்டு பேடு நனையும் ரத்தப்போக்கு: இவற்றில் ஒன்று வந்தாலும் மறு ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கர்ப்பப்பைக்குள் சாக் தெரிந்து, வலியும் ரத்தப்போக்கும் இல்லாதவரை ஒன்றிரண்டு வாரம் பொறுப்பதால் பொதுவாக உங்களுக்குக் கேடில்லை. கலைத்த கருவைத் திரும்பப் பெறத்தான் வழியில்லை.