ஜெல்லித் தட்டில் அச்சான பேய்கள்

கல்லூரி மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தமிழிலும் ஆங்கிலத்திலும் திகில் கவிதைகள், அமானுஷ்யக் கதைகள் எழுதுகிறார். அவற்றுக்குக் கோட்டோவியங்களும் தானே வரைகிறார். “வெளிநாட்டுச் சிற்றிதழ்களுக்கு அனுப்பலாமா? நூறு பேர்கூடப் படிக்காத இதழில் வந்தால் அதை வெளியீடு என்று சொல்ல முடியுமா?” என்று கேட்கிறார்.

தாராளமாக அனுப்பலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இன்று உலகம் கொண்டாடும் ஆங்கிலத் திகில் இலக்கியத்தில் கணிசமான பகுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய வாசகர்களை வைத்துக்கொண்டு நடந்த இதழ்களில்தான் தவழ்ந்து வளர்ந்தது.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ‘டேகன்’ கதையை எடுத்துக்கொள்வோம். 1917இல் எழுதியது. முதலில் வெளிவந்தது 1919 நவம்பரில், ‘தி வேக்ரன்ட்’ என்ற இதழில். அமெரிக்காவில் அப்போது அமெச்சூர் பத்திரிகைச் சங்கங்கள் இருந்தன. உறுப்பினர்கள் கைக்காசைப் போட்டு இதழ் அச்சிட்டு ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். சன்மானம் கிடையாது, கடையில் விற்பனையும் கிடையாது. 1923 மார்ச்சில் சிகாகோவிலிருந்து ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற வணிகத் திகில் பத்திரிகை வரத் தொடங்கியதும் லவ்கிராஃப்ட் ஐந்து கதைகளை அனுப்பினார். ஆசிரியர் எட்வின் பேர்டு, வரிகளுக்கு இடையே இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னார். தட்டச்சு என்றாலே லவ்கிராஃப்டுக்கு வெறுப்பு. முதலில் ‘டேகன்’ ஒன்றை மட்டும் மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினார். அக்டோபர் இதழில் அது வந்தது. நான்கு ஆண்டுகளாக ஒரு சிறு வட்டம் மட்டுமே படித்திருந்த கதைக்குப் பெரிய வாசல் திறந்தது.

அந்தப் பெரிய வாசலும் எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கவில்லை. ராபர்ட் ஈ. ஹோவர்ட், கோனன் என்ற வீரனை நாயகனாக வைத்து எழுதிய கதைகளில் ஒன்று ‘பனி அரக்கனின் மகள்’. பேர்டுக்குப் பின் ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியரான ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நியூ ஜெர்சியில் சார்லஸ் ஹார்னிக் என்ற பதினேழு வயதுப் பையன் 1933 செப்டம்பரில் ‘தி ஃபேன்டஸி ஃபேன்’ என்றொரு சிற்றிதழைத் தொடங்கியிருந்தான். ஹோவர்ட் நாயகனின் பெயரை அம்ரா என்று மாற்றி, கதைக்கும் வேறு தலைப்பு வைத்து அவனுக்குக் கொடுத்தார். 1934 மார்ச்சில் அது அச்சேறியது.

லவ்கிராஃப்டின் நீண்ட கட்டுரையான ‘இலக்கியத்தில் அமானுஷ்யத் திகில்’ இன்றும் இத்துறையில் அடிப்படைப் பாடம். அது முதலில் வந்தது 1927இல், ஒரே ஒரு இதழோடு நின்றுபோன ‘தி ரெக்ளூஸ்’ என்ற பத்திரிகையில். பிறகு ஹார்னிக்கின் இதழில் தொடராக வந்தது. 1935 பிப்ரவரியில், பதினெட்டாம் இதழோடு அந்தச் சிற்றிதழும் நின்றது. தொடர் பாதியிலேயே அறுந்தது.

ஹார்னிக்குக்கு அச்சுக்கோத்துத் தர ஆள் இருந்தது. அவர் வயதொத்த மற்ற ரசிகர்களுக்கு அந்த வசதி இல்லை. சைக்ளோஸ்டைல் இயந்திரம் வாங்கவும் பணம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவர்கள் ஜெல்லியில் அச்சடித்தார்கள்.

கருவியின் பெயர் ஹெக்டோகிராஃப். கருவி என்று சொன்னாலும் அதில் பல்சக்கரம் இல்லை, கைப்பிடி இல்லை, மின்சாரம் இல்லை. ஆழமில்லாத ஒரு தட்டு, அதில் உறைந்த ஜெலட்டின், அவ்வளவுதான். நோன்பு மாதத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து கடல்பாசி வரும். தட்டில் ஊற்றி உறையவைத்த அது, விரல் வைத்தால் மெல்ல அசைந்து கொடுக்கும். ஹெக்டோகிராஃபின் அச்சுத்தளமும் அதே பதம்தான். கடல்பாசி கடலிலிருந்து கிடைக்கிறது. ஜெலட்டினை விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். காய்ந்து வெடிக்காமல் இருக்க அதில் கிளிசரினைக் கலந்து காய்ச்சி ஊற்றுவார்கள்.

அச்சடிக்கும் முறை இது. அனிலின் சாயம் கலந்த மையால் ஒரு தாளில் எழுதவோ வரையவோ வேண்டும். தட்டச்சு செய்வதானால் அந்தச் சாயமேறிய நாடாவைப் பயன்படுத்துவார்கள். பஞ்சால் ஜெல்லியின் மேற்பரப்பை ஈரப்படுத்தி, எழுதிய முகம் கீழே இருக்கும்படி தாளை அதன்மேல் படியவைத்துச் சில நிமிடங்கள் விட்டுவிட வேண்டும். தாளிலிருக்கும் சாயம் ஜெல்லிக்குள் இறங்கிவிடும். தாளை உரித்தெடுத்தால் எழுத்துகள் இடவலம் மாறி ஜெல்லியில் நிற்கும். இனி வெற்றுத்தாளை வைத்துக் கையால் நீவி எடுக்க வேண்டியதுதான். மாறிய எழுத்து மறுபடி மாறி, தாளில் நேராக விழும். ஒவ்வொரு தாளும் கொஞ்சம் சாயத்தைக் கொண்டுபோவதால் பிரதிக்குப் பிரதி நிறம் மங்கும். தெளிவாகப் படிக்கும்படி ஏறக்குறைய ஐம்பது பிரதிகள் கிடைக்கும். அடுத்த பக்கத்துக்கு, மிச்சச் சாயம் ஜெல்லியின் அடியில் அமிழும்வரை ஒரு நாள் காத்திருக்கலாம். அவசரமென்றால் ஜெல்லியை உருக்கித் திரும்ப ஊற்றலாம்.

அந்தச் சாயங்களில் ஊதாதான் நன்றாகப் பிடித்தது. அதனால்தான் 1930, 40களின் ரசிகர் இதழ்கள் பலவும் ஊதா நிறத்தில் இருக்கின்றன. இதில் இன்னொரு வசதியும் உண்டு. சைக்ளோஸ்டைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டென்சில் வெட்டி, தாளை மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டும். ஹெக்டோகிராஃபில் ஊதா, சிவப்பு, பச்சை எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து ஒரே அழுத்தில் எடுத்துவிடலாம். பெரிய பத்திரிகைகள் உள்பக்கப் படங்களைக் கறுப்பு மையில் மட்டும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பள்ளி மாணவர்கள் சமையல் மேசையில் வைத்துப் பல வண்ணப் பூதங்களை அச்சடித்தார்கள்.

ஐம்பது பிரதி என்ற எல்லைதான் அந்த இதழ்களின் குணத்தைத் தீர்மானித்தது என்பது என் எண்ணம். ஐம்பது பேர் என்றால் ஆசிரியருக்கு ஒவ்வொருவரையும் தெரியும். கதை பிடித்ததா, எந்தப் பத்தியில் பயம் கலைந்தது என்று வாசகர் கடிதம் போடுவார். அது அடுத்த இதழில் வரும். எழுதியவர் படித்துத் திருத்திக்கொள்வார். பெரிய பத்திரிகை ஒரு வரியில் மறுப்புச் சொல்லி அனுப்பிவிடும். சிற்றிதழில் வாதமும் வகுப்பும் நடந்தன.

ஓவியர்களுக்கும் அங்கேதான் கதவு திறந்தது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ரே பிராட்பரி, 1939இல் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்த இளைஞர். நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனின் பண உதவியோடு ‘ஃபியூச்சுரியா ஃபேன்டசியா’ என்ற சைக்ளோஸ்டைல் இதழை நடத்தினார். மொத்தம் நான்கே இதழ்கள். அதற்கு அட்டை வரைந்தவர் ஹானஸ் போக். அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிபுனை மாநாடு நடந்தது. பிராட்பரி போக்கின் ஓவியங்களைச் சுமந்துகொண்டு பேருந்தில் நாட்டின் குறுக்கே போனார். ரைட்டிடம் காட்டினார். 1939 டிசம்பர் ‘வியர்ட் டேல்ஸ்’ அட்டையில் போக்கின் ஓவியம் வந்தது. தன் கதைக்கு இடம் தேடி அலைந்துகொண்டிருந்தவர், நண்பரின் ஓவியத்துக்காகவும் கதவைத் தட்டினார்.

கவிதையின் கதை வேறு. ரைட் கவிதைப் பிரியர். வரிக்கு 25 சென்ட் கொடுத்தார். லவ்கிராஃப்டின் பதினான்கு வரி சானட் ஒன்றுக்கு மூன்றரை டாலர் கிடைத்தது. வார்த்தைக் கணக்கில் பார்த்தால் உரைநடையைவிடக் கவிதைக்கு அதிகக் கூலி. அந்த மரியாதை எல்லா இடத்திலும் தொடரவில்லை. ஆனாலும் அறிபுனைக் கவிதைக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது; அதை 1978இல் தொடங்கியவர் மொழியியலாளர் சூசெட் ஹேடன் எல்ஜின். ‘ஸ்டார் லைன்’ அதன் இதழ். அந்தச் சங்கம் ஆண்டுதோறும் தரும் ரைஸ்லிங் விருதுக்கு, ராபர்ட் ஹைன்லைன் கதையொன்றில் விண்கலங்களில் பாடித் திரியும் பார்வையற்ற கவிஞனின் பெயரை வைத்தார்கள். சிறிய இதழில் வந்த கவிதையும் அந்த விருதுக்குப் போட்டியிடலாம்.

ஹெக்டோகிராஃபின் அனிலின் சாயம் வெளிச்சத்தில் வெளிறிவிடும். ஐம்பது பிரதிகள் மட்டுமே இருந்த இதழில், பரணில் கிடந்து வீணானவை போக, வெயில் பட்டவை போக, எஞ்சியவை மிகச் சில. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நூலகம், ரசிகர் ஒருவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த சுமார் பத்தாயிரம் ரசிகர் இதழ்களைப் பெற்று, எண்மப்படுத்தத் தொடங்கியது. அவர் சேர்த்துவைத்ததால் கிடைத்தவை அவை. எத்தனை வீடுகளில் பழைய தாள் என்று எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் கையெழுத்து இதழோ சைக்ளோஸ்டைல் இதழோ இருந்தால், தயவுசெய்து வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இன்று பிரதி எடுப்பது ஒரு பிரச்சினையே இல்லை. சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. நீல் கிளார்க் நடத்தும் ‘கிளார்க்ஸ்வேர்ல்டு’, புதிய எழுத்தாளர்களுக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கும் இதழ். 2023 பிப்ரவரியில் சில வாரங்களுக்குள் சுமார் ஐந்நூறு கதைகள் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டு அங்கே வந்து குவிந்தன. பிப்ரவரி 20ஆம் தேதி கதை வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். விரைவில் பணம் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த இதழை ஒருநாளும் படிக்காதவர்கள் அனுப்பியவை அவை. உண்மையாக உழைத்து எழுதிய ஒருவரின் முதல் கதையும் அந்தக் குவியலில் காத்துக்கிடந்திருக்கும். இதை நான் திருட்டுக்குச் சமமாகவே கருதுகிறேன். திருடப்பட்டது ஆசிரியரின் நேரம்.

ஆகவே அனுப்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒவ்வோர் இதழும் எத்தனை சொல், எந்த வடிவம், எந்த மாதத்தில் வாங்குவோம் என்று விதி போட்டிருக்கும். பேர்டின் இரட்டை இடைவெளியைப் போலவே அவையும் காரணத்தோடு வைத்தவை, மதியுங்கள். ஒரே படைப்பை இரண்டு இடங்களுக்கு அனுப்பலாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே வெளியானதை ஏற்காத இதழ்கள் அதிகம், உங்கள் சொந்த வலைப்பக்கத்தில் போட்டாலும் அவை வெளியானதாகவே கொள்ளும். சன்மானம் எவ்வளவு, எந்த உரிமையைக் கேட்கிறார்கள் என்பதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். திரும்பி வந்தால் வருந்திக்கொண்டிராமல் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அனுப்பப்போகும் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். இரண்டு மூன்று இதழ்களையாவது முழுதாகப் படியுங்கள். பிடித்த கதையை எழுதியவருக்கு ஏன் பிடித்தது என்று நான்கு வரி எழுதுங்கள். எழுத ஆயிரம் பேரும் வாங்க இருபது பேரும் இருக்கும் இதழ் எத்தனை நல்ல ஆசிரியர் கையில் இருந்தாலும் நின்றுவிடும். ஐம்பது பிரதிகளை எந்தக் கருவியும் இன்று நொடியில் போட்டுத் தரும். அவற்றுக்கு ஐம்பது வாசகர்களைத் தரும் கருவி எதுவும் இல்லை. அந்த வேலை எழுதுகிறவர்களான நம்முடையது.