அசுரனும் அச்சமும்

அசுரனைப் படைப்பது எளிது. அவனுக்கு அஞ்சுவோரைப் படைப்பதே அரிது. கோரைப் பல்லும் செஞ்சடையும் கொடுத்துவிட்டால் அசுரன் உருவாகிவிடுகிறான். அவன் எத்துணைக் கொடியவன் என்பதை எதைக் கொண்டு அளப்பது? இவ்வினாவையே இன்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர்களே, கற்பனைப் பாத்திர விளையாட்டுகளை உங்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு வழிகாட்டியாயிற்று. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பேசுவர். ஒவ்வொரு பூதமும் எத்தனை அடி தாங்கும், எவ்வளவு ஊறு செய்யும் என்பதற்கு எண்கள் உண்டு. எண், வெற்றி தோல்வியைக் கணிக்கும்; அச்சத்தை உண்டாக்காது. பூதம் எதிரே நிற்கையில் பாத்திரங்கள் சந்தைக்கு வந்தவர்போல் அளவளாவினால், அதன் வலிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரி செல்லும் வழியில் கீழ்புத்துப்பட்டு உள்ளது. அங்கே ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கிறது. இக்கடற்கரையில் அருகிவிட்ட உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது என்பர் தாவரவியலார். காவல் தெய்வத்தின் வலிமையைக் கண்ணால் கண்டவர் யார்? ஆயினும் மரத்தில் கோடரி வைக்க ஊரார் தயங்கிய தயக்கமே அக்காட்டைக் காத்தது. காணாத ஆற்றலின் அளவை மக்களின் நடத்தை சொல்கிறது. கதைக்கும் இதுவே விதி என்பது என் கருத்து.

வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களில் பகாசுரன் கதை பெயர் பெற்றது. சோறு ஏற்றிய வண்டியில் வீமன் வேடதாரி தெருவழியே வரும்போது ஊரே உடன் செல்லும். வியாசரின் ஆதி பருவத்தில் இக்கதையைப் பாருங்கள். ஏகசக்கர நகரத்தார் அசுரனைக் கண்டு அலறி ஓடவில்லை, முறை வைத்துக்கொண்டார்கள்! ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமைகள், ஒரு மனிதன். நெடுநாள் பழகிய அச்சம் இவ்வாறு கணக்காகிவிடுகிறது. அலறலைவிட இவ்வமைதி கொடிதன்றோ?

முறை வந்த வீட்டில் தந்தை, ‘நான் போவேன்’ என்கிறார். தாய், ‘நான்’ என்கிறாள். மகளும் அவ்வாறே கூறுகிறாள். மழலை மாறாத சிறுவனோ ஒரு புல்லை எடுத்து, ‘இதனால் அவனைக் கொல்வேன்’ என்கிறான். ஆபத்து ஒன்றே, ஆனால் அவரவர் அன்பும் அறிவும் வேறு. ஆதலின் மறுமொழியும் வேறாயிற்று.

அவ்வீட்டில் தங்கியிருந்த குந்தி, தன் மகன் வீமனை அனுப்ப முன்வருகிறாள். தருமன் கலங்கி, அது தகுமா என்று வினவுகிறான். அவள் வீறாப்புப் பேசவில்லை, சான்று காட்டுகிறாள். அரக்கு மாளிகையிலிருந்து அனைவரையும் சுமந்து வந்தவன் வீமன். இடிம்பனைக் கொன்றவனும் அவனே. அறிந்ததைக் கொண்டு அறியாததை அளப்பது அவள் முறை.

பகாசுரன் முதுகில் குத்தவும் வீமன் திரும்பிப் பாராமல் உண்கிறான். அந்த அஞ்சாமையை நாம் நம்புவது ஏன்? நகரத்தாரின் முறையையும், அவ்வீட்டாரின் கண்ணீரையும், தருமனின் கலக்கத்தையும் முன்னரே கண்டுவிட்டோம். அவற்றை நீக்கினால் வீமன் வெறும் பெருந்தீனிக்காரனாகிவிடுவான்.

எனவே, நாடகம் எழுதினாலும் விளையாட்டில் பாத்திரம் ஏற்றாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவன் ஆபத்தைப் பற்றி என்ன அறிவான்? இவன் இழக்கக்கூடியது யாது? தப்பிக்க வழி உண்டா? விடை தெரிந்தால், அவன் ஓடுவானா, ஒடுங்குவானா, பேரம் பேசுவானா, எதிர்ப்பானா என்பது தானே விளங்கும்.

இக்கேள்விகள் கற்பனைக்கு மட்டும் உரியவை அல்ல. புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அதற்கும் எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டதும் படகைக் கரையேற்றுபவரும் உளர். அலையை வேடிக்கை பார்க்கச் செல்பவரும் உளர். பின்னவர் கையில் இருப்பது அச்சிறுவனின் புல்லே. சிறுவனுக்கு அது அழகு, வளர்ந்தவருக்கு ஆகாது.