மீன் மேல் வெள்ளைப் புள்ளி



போன தை மாசம் நம்ம குழு ஒன்று குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு குஞ்சு விட்டிருந்தது. ஒருநாள் பார்த்தால் மீன் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. நாலைந்து நாளில் புள்ளி உதிர்ந்துவிட்டது. "சரியாப் போச்சு, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் பாதி மீன் செத்து மிதந்தது. கடன் தவணை இன்னும் பாக்கி. நாங்கள் தெரியாமல் சொன்ன வார்த்தைதான் அது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

குளத்துத் தண்ணியில் ஒரே செல்லால் ஆன உயிர்கள் ஏராளம். அதில் ஒரு கூட்டத்துக்கு உடம்பில் நுண்ணிய மயிர் உண்டு. துடுப்பு போல அதை அடித்து நீந்தும், இரையை வாய்ப்பக்கம் தள்ளும். சிலியேட்டுகள் என்று பெயர். மயிர் எங்கே இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வகை பிரிக்கிறார்கள். பாரமீசியம் செருப்பு வடிவம், உடம்பெல்லாம் மயிர். வோர்ட்டிசெல்லா காம்பு வைத்த மணி மாதிரி. வாயைச் சுற்றித்தான் மயிர். தொட்டால் காம்பு ஸ்பிரிங் போலச் சுருங்கும்! ஸ்டென்டார் ஊதுகுழல் போல இருக்கும், 2 மில்லிமீட்டர் வரை வளரும். ஸ்டைலோனிக்கியாவுக்கு மயிர் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து காலாகிவிட்டது, இலை மேல் நடக்கும்.

எல்லாவற்றுக்கும் உள்ளே இரண்டு வகை உட்கரு. பெரியது அன்றாடப் பொழப்பைப் பார்க்கும், சின்னது வம்சக் கணக்கை வைத்திருக்கும், நம்ம குழுவில் இரண்டு நோட்டு இருக்கிற மாதிரி. இவற்றில் பல, பாக்டீரியாவைத் தின்று தண்ணியைத் தெளிய வைக்கிறவை. அதனால் கண்ட மருந்தைக் குளத்தில் கொட்டக் கூடாது.

வெள்ளைப் புள்ளிக்காரனும் இதே கூட்டம்தான், பேர் இக்தியோப்திரியஸ். மீன் தோலுக்குள் புகுந்து கொழுக்கும். பிறகு உதிர்ந்து குளத்தடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குட்டியாகப் பிரியும். அதாவது, புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததால் இல்லை, பெருகப் போனதால்! குட்டிகள் நீந்தி மீனைத் தேடும்போதுதான் மருந்து பலிக்கும். தோலுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் இருக்கும்போது பலிக்காது. அதனால் ஒரே தடவையோடு நிறுத்தினால் வீண். மீனே கிடைக்காவிட்டால் குட்டிகள் ஓரிரு நாளில் செத்துவிடும். அறுவடைக்குப் பிறகு குளத்தைக் காயப்போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புள்ளி கண்டதும் உயிருள்ள மீனை அதே குளத்துத் தண்ணியில் வைத்து மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்க. நுண்ணோக்கியில் பெரிய உட்கரு லாடம் போல வளைந்து தெரிந்தால் இதுதான் என்று உறுதி செய்வார்கள். செத்த மீனைக் கொண்டுபோகாதீங்க. மீன் செத்ததும் அது இறங்கிப் போய்விடும்.